தடிமேல் நின்ற ஜீப்

"திரு. ஞா. எட்சன், வயது 47. நான்கு சக்கர இயக்க வாகனம் உடையவர். மலைச்சாலைகளில் ஓட்டிப் பழகியவர். இடர்க்காலங்களில் தன்னுயிரைப் பொருட்படுத்தாமல் செயல்படும் துணிவு மிக்கவர்."

பிலாங்கோணம் கிராமத்துக்கான மீட்பாளர் பட்டியலில் இப்படி இருக்கிறது. வயது சரி. ஜீப்பும் சரி. மற்றதை எழுதியவர் எட்சனை நேரில் கண்டதில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கண்டிருக்கிறார், அதுவும் புயலுக்கு நடுவில். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

எட்சனுக்குப் பயம் என்பது இன்ன பொருளைப் பற்றியது என்று கிடையாது. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு, கட்டிப்போட்ட நாய், திருவனந்தபுரத்துத் துணிக்கடையின் மின்தூக்கி, ரத்தஅழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் துணி, எல்லாமே அதில் அடக்கம். மார்த்தாண்டத்துக்கு மேம்பாலம் வந்து இத்தனை வருஷமாகியும் அவன் கீழ்ச்சாலை நெரிசலில்தான் போகிறான். மேலே ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டால், ஒன்றும் ஆகாது, அதுதான் பயம் என்பான். சபையில் வேதபாடம் வாசிக்கும் முறை வரும் ஞாயிறன்று அவனுக்குத் தவறாமல் இருமல் வரும். சபைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. ஒருநாளும் யாரிடமும் உரக்கப் பேசியதில்லை என்பதால் நல்ல பெயர்.

ஜீப் அவன் வாங்கியதல்ல. அவனுடைய அப்பா ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்கும் குலசேகரத்துக்குமாய் ஓட்டிய வண்டி. அவர் போனபின் விற்கலாம் என்று நினைத்தான். விலைபேச வருகிறவர்களோடு பேரம் பேசப் பயந்து வைத்துக்கொண்டான்.

ஒக்கிப் புயல் அடித்த காலையில் வீட்டுப் பின்புறம் நின்ற பிலாமரம் முனகத் தொடங்கியது. ஓட்டுக்கூரையைவிட ஜீப்பின் தகரக்கூரை உறுதி என்று அந்த நேரத்துப் புத்திக்குத் தோன்ற, அவன் ஜீப்பில் ஏறி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே கிளப்பிவிட்டான். வழியில் கைகாட்டியவர்களுக்காக நிறுத்தவில்லை. நின்றால் தலையில் தென்னை விழும். ஆனால் சாலைக்குக் குறுக்கே ஏற்கனவே விழுந்துகிடந்த தென்னை அவனை நிறுத்தியது. நின்ற வண்டியில் ஜனங்கள் ஏறினார்கள். மரத்தைச் சுற்றி ரப்பர்த் தோட்டத்துக்குள் விட்டு, மேடுபள்ளமெல்லாம் குதித்து, அந்தப் பக்கத்திலேயே முதலாவதாக முகாம் பள்ளிக்கூடத்துக்குள் போய் நின்றது எட்சனின் ஜீப்தான். வண்டி கொள்ளாத கூட்டம் இறங்கியது. வாசலில் நின்ற கிராம அதிகாரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை நடுங்கியதைக் குளிர் என்று எடுத்துக்கொண்டார். பயந்து ஓடுகிறவன் வேகமாக ஓடுவான். வேகம் அரசாங்கத்தின் கண்ணுக்குத் துணிச்சலாகத் தெரியும்.

அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் வானம் கறுக்கும்போது அவனுக்குப் போன் வரும். வண்டி தயாரா, டீசல் இருக்கிறதா, அழைத்தால் உடனே வரமுடியுமா. வருவேன், வருவேன் என்பான். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போவான். சொல்லப்போனால் அழைப்பு ஒருதடவையும் வரவில்லை. வராத அழைப்புக்குப் பயப்படுவதுதான் கடினம்; வந்துவிட்டால் அதற்கு ஒரு முடிவு உண்டு.

ஒரு வருஷம் மழைக்கு முன்னால் ஜீப்பின் பின்பக்கம் இடது ஸ்பிரிங்கில் ஒரு பட்டை நிஜமாகவே உடைந்தது. பழைய ஜீப்புக்கு வில்போல வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதுதான் ஸ்பிரிங். அதில் ஒன்று போனால் வண்டி ஒருக்களித்து நிற்கும். போன் வந்தபோது எட்சன் உண்மையைச் சொன்னான். ஸ்பிரிங் உடைஞ்சு வண்டி தடிமேல நிக்குது சார். அப்படியா, சரி, அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றது மறுமுனை. அவ்வளவுதான். அன்றைக்கு அவன் தூங்கிய தூக்கத்தை மனைவி ஷைஜா பிறகு சில பேரிடம் சொல்லியிருக்கிறாள். இடி இடித்தது, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு ஓடியது, இவன் புரண்டும் படுக்கவில்லை.

அந்த நிம்மதியை ருசி கண்டபின் எட்சனால் விடமுடியவில்லை. புரட்டாசி முடியும்போது ஜாக்கி வைத்துத் தூக்கி, வண்டியின் அடிச்சட்டத்துக்குத் தென்னந்தடிகளை முட்டுக்கொடுத்து, பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடுவான். துரு தேய்ப்பான், பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் தடவுவான். தை பிறந்து வானம் வெளுத்தபின் மாட்டுவான். மெக்கானிக் ராஜையனிடம் விடலாமே என்று கேட்டவர்களிடம் ஏதேதோ சொன்னான். உண்மைக் காரணம், ராஜையனிடம் விட்டால் அவன் சரிசெய்துவிடுவான்.

ஆனால் பொய்யை வெறுமனே சொல்ல எட்சனுக்குத் துணிச்சல் கிடையாது. ஸ்பிரிங் கழற்றியிருக்கிறது என்று சொன்னால் அது நிஜமாகவே கழற்றியிருக்க வேண்டும். மழை தள்ளிப்போகும் என்று வானிலை அறிக்கை சொன்னால் மாட்டிவிடுவான். கடலில் சுழல் என்று கேட்டால் உடனே கழற்றுவான். ஒரு ஐப்பசியில் சுழல் மூன்று தடவை மனம் மாறியது. எட்சனும் மூன்று தடவை ஜீப்புக்கு அடியில் போய் வந்தான். அடியில் போவதும் அவனுக்குப் பயம்தான் என்பதால் ஒவ்வொரு தடவையும் முட்டு ஒன்று கூடியது. கடைசியில் ஜீப் கோயில் தேர்போலத் தடிகளுக்கு மேல் நின்றது.

பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தாணுலிங்கம், நெற்றியில் நேர்கோடாய் வெள்ளை நாமம் இட்ட பெருத்த மனிதர், கடைக்கு வருகிறவர்களிடம் எட்சனுக்க ஜீப்பு முட்டைக்குமேல அடைகாக்குது, குஞ்சு பொரிச்சபிறகு இறங்கும் என்று சொல்லி மல்லியும் மிளகாயும் நிறுத்துக் கொடுப்பார்.

சென்ற வருஷம் ராஜையனே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, பட்டை எல்லாம் உட்கார்ந்துபோயிற்று, புதுசு வாங்கு என்றான். எட்சன் மகிழ்ந்தான். புதுசு வர நாளாகும், வந்தால்தானே மாட்ட முடியும். பார்சல் லாரியில் வரும் எதுவும் இந்த ஜில்லாவில் சொன்ன தேதிக்கு வந்ததில்லை. இது மட்டும் அதற்கும் முன்னால் வந்தது. சாக்கில் சுற்றிய இரண்டு ஸ்பிரிங்குகள், அட்டைப்பெட்டியில் அதிர்ச்சி தாங்கும் ஷாக்குகள் இரண்டு. எஸ்டேட் ஜீப்புகளுக்கு வழக்கம்போல சுமைக்காக ஒரு பட்டை கூடுதலாய் வைத்தது. வலதுபுறத்தை மாட்டினான். இடதுபுறத்தைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தான்.

கார்த்திகை பிறந்து மழை வந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஷைஜா கிராம சுகாதாரச் செவிலியர். அவளுக்கு மழையில்தான் வேலை அதிகம். காலையிலேயே மருந்துப் பையும் குடையுமாக வெள்ளாம்பாறை எஸ்டேட் வீடுகளுக்கு நடந்து போயிருந்தாள். அங்கே நிறையப் பேருக்குக் காய்ச்சல். ஜீப்பைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது தடிமேல் நின்ற வண்டியை ஒருதடவை பார்த்துவிட்டுக் குடையை விரித்தாள். அந்தப் பார்வை அவன் வயிற்றில் காலையில் குடித்த காப்பியோடு கிடந்தது.

போன் அடித்தபோது மணி பத்து இருக்கும். ஷைஜாதான். ரப்பர்ப்பால் வெட்டும் ஞானதாசனை அணலி கடித்துவிட்டது. அணலி என்றால் விரியன். மரத்தடியில் பால் பிடிக்கும் சிரட்டைக்குள் கிடந்த சருகை எடுக்கக் கைவைத்திருக்கிறான், புறங்கையில் கடி, வீக்கம் முழங்கையைத் தாண்டிவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, அது கோயில் முக்குக்கு மேல் வராது. எஸ்டேட் சாலையில் ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் தரைப்பாலமான சப்பாத்துக்குமேல் தண்ணீர் ஓடுகிறது. கடி பட்டவனை நடத்தக்கூடாது. கட்டிலில் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நாலு பேர் இறங்கினால் ஒருவர் வழுக்கினாலும் ஐந்து பேரும் போவார்கள். கட்டிலைச் சப்பாத்துக் கரைவரை கொண்டுவந்து வைக்கிறோம்.

"ஜீப்பு கொண்டு வாங்க," என்றாள்.

எட்சன் சுவரில் சாத்திய ஸ்பிரிங்கைப் பார்த்தான். "ஸ்பிரிங்கு..."

"ஸ்பிரிங்குக்க கதை எனக்குத் தெரியாதா? நீங்க மாட்டினதும் கழத்தினதும் அடுக்களை ஜன்னல் வழியாட்டு எத்தன தடவ பாத்தேன். ஒரு மணிக்கூர்ல மாட்டிருவீங்க." குரலைத் தாழ்த்தினாள். "இவனுக்கு ரெண்டு பிள்ளைக. ரெண்டும் இப்பம் எனக்க முன்னால நிக்குது."

போன் கையிலேயே இருந்தது. எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனது. அந்த நேரத்தில் எட்சனுக்கு விரியனைக்காட்டிலும், ஓடைத் தண்ணீரைக்காட்டிலும், அவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்காமல் குடையை மடக்கிவைப்பாளே, அதுதான் பெரிய பயமாக இருந்தது. பெரிய பயம் சின்னப் பயத்தைத் தள்ளும். எட்சன் எழுந்தான்.

தாணுலிங்கத்தைக் கூப்பிட்டான். அவர் கடையைப் பாதி அடைத்துவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டபின் கேலி எதுவும் பேசவில்லை. அதுவே எட்சனுக்குக் கலக்கமாயிருந்தது.

புது ஸ்பிரிங்கை இருவருமாகத் தூக்கி ஆக்ஸிலுக்குமேல் வைத்தார்கள். ஸ்பிரிங்கின் நடுப்போல்ட் சரியான நடுவில் இருக்காது. ஒரு பக்கம் சற்று நீளம். மாற்றி வைத்தால் சக்கரம் இடம் மாறி நிற்கும். தாணுலிங்கம் வைத்த பக்கத்தை எட்சனின் கை பார்க்காமலே திருப்பியது. ஸ்பிரிங்கின் முனையில் கண் என்னும் வளையத்துக்குள் ரப்பர் புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளினான். ரப்பர் நாட்டில் பிறந்தவனுக்கு அதில் எண்ணெய் படக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். முன்கண்ணுக்குப் போல்ட் போயிற்று. பின்கண்தான் சட்டத்தில் தொங்கும் ஷாக்கிள் கொண்டிக்கு எட்டவில்லை. கூடுதல் பட்டை, புது எஃகு, வில் இறங்க மறுத்தது. ஜாக்கியால் ஆக்ஸிலை அடியிலிருந்து தள்ளினால் ஸ்பிரிங் நிமிர்ந்து நீளவேண்டும். தள்ளினான். ஸ்பிரிங் நிமிரவில்லை. வண்டிதான் தடியிலிருந்து மேலே கிளம்பியது.

தடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் வெளிச்சம் தெரிந்தது. எட்சன் வெளியே உருண்டுவந்து முற்றத்துச் சேற்றில் உட்கார்ந்தான்.

பழைய ஸ்பிரிங் என்றால் அவன் ஒருவனே மாட்டிவிடுவான். புதுசில் வலதுபுறத்தை மூன்று நாள் நெம்பி நெம்பி மாட்டினான், இன்று அதற்கு நேரமில்லை. இதற்கு மேலே பாரம் வேண்டும். தாணுலிங்கத்தின் கடையிலிருந்து நாலு மூட்டை அரிசி வந்தது. போதவில்லை. எட்சன் தாணுலிங்கத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஏறி இரியுங்க."

"எங்க?"

"ஜீப்புக்குள்ள. பின்னால, இடது ஓரம்."

"நீ எங்க இருப்ப?"

"அடியில."

தாணுலிங்கம் ஜீப்பையும் தடிகளையும் எட்சனின் மெலிந்த நெஞ்சையும் பார்த்தார். "மக்கா, எனக்க வெயிட்டு உனக்குத் தெரியுமாலே?"

"தெரியும். அதுக்காக்கும் கேக்கேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவர்போல ஏறினார். ஏறும்போது வண்டி ஒருதரம் ஆடியது. எட்சன் சட்டத்துக்குக் கீழே இன்னொரு தடியும், அதற்குமேல் ஸ்டெப்னி டயரும் தள்ளினான். பிறகு, இன்னும் ஏதாவது தள்ளலாமா என்று தேடினான். அம்மிக்கல் கண்ணில் பட்டது. அது பொடிந்தாலும் பொடியும் என்று விட்டுவிட்டான். நேரம் போய்க்கொண்டிருந்தது. முழங்கையைத் தாண்டிய வீக்கம் இப்போது எதுவரை ஏறியிருக்கும் என்று நினைத்ததும், தேடுவதை விட்டு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான்.

அடியில் மழையின் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. மூக்குக்கு ஒரு சாண் மேலே ஆக்ஸில். அதற்குமேல் சட்டம், அதற்குமேல் அரிசி, அதற்குமேல் தாணுலிங்கம். எல்லாவற்றையும் அவனே கேட்டு வாங்கி அடுக்கியிருந்தான். ஜாக்கியின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினான். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. மேலே தாணுலிங்கம் தன் வழிபாட்டு மந்திரத்தை முணுமுணுப்பது கேட்டது: அய்யா உண்டு, அய்யா உண்டு. எட்சனுக்கு வேதாகமச் சங்கீதம் ஒன்று நினைவுக்கு வந்து பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தைத் தேடப் பயந்து முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அண்ணாச்சி."

"என்னலே?"

"தும்மிராதீங்க."

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு நெனப்பே வந்திருக்காது."

இன்னொரு சுற்று. பட்டை ஒரு நூல் நிமிர்ந்தது. கண்ணின் ஓட்டையும் ஷாக்கிளின் ஓட்டையும் பிறைபோல ஒன்றையொன்று தொட்டன. கடப்பாரையால் நெம்பினான். வண்டி லேசாய் முனகியது, புயலன்றைக்குப் பிலாமரம் முனகியதுபோல. ஓடிவிடு என்று உடம்பு முழுதும் சொன்னது. படுத்திருக்கிறவன் எங்கே ஓடுவது. பிறை வட்டமானது. போல்ட்டைத் தள்ளினான், பாதி போயிற்று, சுத்தியலால் தட்டினான், போய்விட்டது. ஷாக்கிளின் இரண்டு நட்டுகளையும் கையால் திருகி வைத்தான்.

தாணுலிங்கம் எட்டிப் பார்த்து, முறுக்கிவிடு மக்கா என்றார். ஷாக்கிள் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்றபின்தான் இறுக்கவேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறங்கும்போது ரப்பர் முறுக்கிக் கிழியும். இறக்கிய பிறகு என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டுகளை இறுக்கினான். ஷாக்குகள் இரண்டையும் மாட்டினான். சக்கரத்தைப் போட்டான். தடிகளை ஒவ்வொன்றாய் உருவினான். ஜீப் இறங்கியது, ஐப்பசியும் கார்த்திகையுமாய்ப் பல நாள் கழித்து நாலு சக்கரத்தில். அந்த நேரத்தில் போன் அடித்தது. கடிவாயில் ரத்தம் உறையாமல் வடிகிறது என்றாள் ஷைஜா. 

எட்சன் சாவியைப் போட்டான். தாணுலிங்கம் இறங்கப் போனார்.

"இறங்காதீங்க அண்ணாச்சி. பின்னால எடை இல்லாட்டா புது ஸ்பிரிங்கு துள்ளும்."

"லேய், நான் ஆளா, அரிசி மூட்டையா?"

"இப்பம் மூட்டையாட்டு இரியுங்க," என்றான் எட்சன். அவன் வாழ்க்கையில் மூத்தவர் ஒருவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல்தடவை. சொன்னபின் அதற்கும் பயந்தான்.

எஸ்டேட் சாலை வெறும் கல். எடையிருந்தும் வண்டி துள்ளியது. தாணுலிங்கம் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டார். சப்பாத்துக்கு முன்னால் எட்சன் நிறுத்தினான். காவி நிறத்தில் தண்ணீர் முழு அகலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் நட்ட குற்றிக்கற்களின் தலை மட்டும் தெரிந்தது. அக்கரையில் கட்டிலைச் சுற்றிச் சிலபேர். நடுவில் குடையோடு ஷைஜா. அவள் கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை. கையசைத்தால் அவன் பயந்துவிடுவான் என்று தெரிந்தவள்போல நின்றாள்.

எட்சன் கைப்பிரேக்கைப் போட்டான். அவன் இறங்கிப்போய்ச் சாலையோரம் காலைக் காப்பியை வாந்தியெடுத்தான். துணிச்சல்காரன் என்றால் அப்படியே விட்டிருப்பான். எட்சனுக்குத் தரை தெரியாத தண்ணீரில் வண்டியை இறக்க முடியாது. ஒரு மூங்கிலை ஒடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குற்றிக்கற்களைப் பிடித்தபடி நடந்து இறங்கினான். தண்ணீர் முழங்காலை இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூங்கிலால் குத்திப் பார்த்தான். கல், கல், கல். நடுவில் இடது ஓரம், சாய்ந்து நின்ற ஒரு குற்றிக்கல்லுக்குப் பக்கத்தில், மூங்கில் கல்லைத் தொடாமல் உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. சிமெண்டுத் தளம் அங்கே உடைந்து போயிருந்தது, ஜீப்பின் ஒரு சக்கரம் முழுதாய் விழும் அளவுக்கு.

அவன் அந்த இடத்தில் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வலது ஓரத்தைக் கடைசிக் கல்வரை குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினான். நடந்து போகாமல் வண்டியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் தாணுலிங்கத்திடம் சொல்லவில்லை. சொன்னால் மூட்டை இறங்கிப் போய்விடும்.

சின்னக் கியரில், வலது ஓரத்துக் கற்களை உரசுகிற மாதிரி ஓட்டினான். தண்ணீர் கதவுக்குக் கீழால் உள்ளே வந்து அவன் பாதத்தைத் தொட்டது. சாய்ந்த கல் இடதுபுறம் மெல்ல நகர்ந்து பின்னால் போயிற்று. அக்கரை.

ஞானதாசனை அரிசி மூட்டைகளின்மேல் கிடத்தினார்கள். அவன் கை தொடைபோல வீங்கியிருந்தது, பல்லிடுக்கில் ரத்தம். கண் திறந்து, எட்சன் சாரா, ஜீப்பு இறங்கியாச்சா என்று கேட்டான். ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதிதான் போலிருக்கிறது. ஷைஜா அவன் கையைத் தன் மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டாள். எட்சனிடம், "போலாம்," என்றாள்.

திரும்பி வருவது இன்னும் மோசம். குழி எங்கே என்று இப்போது தெரியும். தண்ணீரும் கொஞ்சம் ஏறியிருந்தது. சாய்ந்த கல் இப்போது வலதுபுறம். அதிலிருந்து விலகி இடது ஓரத்தைப் பிடித்தான். நடுவில், சரியாக அந்தக் கல்லுக்கு நேராக வந்தபோது, பின்னாலிருந்து டக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டக்.

எட்சனுக்கு நினைவு வந்தது. ஷாக்கிள் போல்ட்டுகளை அவன் இறுக்கவில்லை.

இறக்கியபின் இறுக்குகிறேன் என்று சொன்னான். இறக்கினான். போன் வந்தது. கிளம்பினான். இரண்டு நட்டுகள் வெறும் கைத்திருகலில் இருந்தன, கல்சாலையில் அத்தனை துள்ளலுக்குப் பிறகு. ஒன்று கழன்றால் ஸ்பிரிங் ஷாக்கிளை விட்டு வரும், ஆக்ஸில் திரும்பும், வண்டி குழிப் பக்கம் போகும். உள்ளே அவன் மனைவி, விஷம் ஏறிய ஒருவன், தாணுலிங்கம். நிறுத்தினால் தண்ணீர் தள்ளும். வேகம் எடுத்தால் துள்ளும். எதுவும் செய்யாமல் ஒரே சீராகப் போவது ஒன்றுதான் மிச்சம். பயத்தில் விறைத்துப்போன காலுக்கு அது மட்டும் சுலபமாக வந்தது. ஆக்சிலேட்டரில் கால் ஆணியடித்ததுபோல நின்றது.

"பின்னால என்னமோ தட்டுகே மக்கா," என்றார் தாணுலிங்கம்.

"மழை," என்றான் எட்சன்.

ஷைஜா கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கோயில் முக்கில் ஆம்புலன்ஸ் நின்றது. ஞானதாசனை மாற்றினார்கள். ஷைஜாவும் கூடவே ஏறினாள். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஊளையிட்டுக்கொண்டு போனபின் தாணுலிங்கம் திரும்பிப் பார்த்தார். எட்சன் நடுரோட்டில், மழையில், ஸ்பேனரோடு ஜீப்புக்கு அடியில் கிடந்தான். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அவை ஆடிக்கொண்டிருந்தன.

ஞானதாசன் பிழைத்தான். இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்காது. கத்தியை இடதுகையில் பிடித்துப் பால்வெட்டப் பழகிவிட்டான். கிராம அதிகாரி விவரம் கேட்டுப் பாராட்டுச் சான்றிதழுக்கு எழுதினார். குடியரசு தினத்தன்று மேடைக்கு வரச்சொன்னார்கள். எட்சன் போகவில்லை, மேடையில் மைக் இருக்கும், கொடுத்தால் ஏதாவது பேசவேண்டியிருக்கும். அவனுக்குப் பதிலாகத் தாணுலிங்கம் போய் வாங்கிவந்தார். அதில் முன்பு எழுதியதையே மறுபடி எழுதியிருந்தார்கள்: தன்னுயிரைப் பொருட்படுத்தாத துணிவு. படித்துவிட்டு ஷைஜா சிரித்தாள். எட்சனும் கொஞ்சம் பிந்திச் சிரித்தான். சான்றிதழ் மருந்துப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. மேம்பாலத்தில் இன்னும் அவன் ஏறவில்லை.

அன்றைக்கு எட்சன் செய்தது இது: ஜீப்பின் இடது பின் ஸ்பிரிங்கையும் இரண்டு ஷாக்குகளையும் மாட்டினான், சப்பாத்தில் ஒருதடவை நடந்து இறங்கிப் பார்த்தான், இரண்டுதடவை வண்டியில் கடந்தான், ஞானதாசனைக் கொண்டுவந்தான், மறந்துபோன இரண்டு போல்ட்டுகளை இறுக்கினான். அந்த மழை முடியும்வரை ஜீப்பைத் தடிமேல் ஏற்றவில்லை.